மாறியின் இயல்பு கண்ட மாதரசி: அடா லவ்லேஸ் சீமாட்டியார்

இற்றை நாளிலே நம் நாட்டுக் கல்லூரிகளிற் பத்தாம், பதினோராம் வகுப்புகளிற் பயிலும் மாணவர் பலர் கணினிக்குச் செய்நிரல் எழுதக் கற்கின்றனர். கற்கத் தொடங்கிய முதற் சில நாட்களிலேயே, அவர்களுள் ஊன்றிக் கற்போர் ஒரு வரியின் முன்னர்த் திகைத்து நிற்றல் வழக்கம். ஒரு மாறியின் பெயரை இடப்புறத்தில் எழுதி, நடுவிலே சமன் குறியிட்டு, வலப்புறத்தில் அம்மாறியின் பெயரையே மீண்டும் எழுதி, அதனோடு ஒன்றைக் கூட்டுவதே அவ்வரி. அட்சரகணிதத்தை முறையாகக் கற்ற மாணவனுக்கு இது முழுப்பொய்யாகத் தோன்றும். ஓர் எண், தன்னிலும் ஒன்று கூடிய எண்ணுக்குச் சமனாதல் எங்ஙனம்? ஆசிரியரை வினாவினால், இங்கே அக்குறி சமன் என்னும் பொருளில் வரவில்லை, வைத்தல் என்னும் பொருளில் வந்தது என்பார். மாணவன் தலையசைத்துவிட்டு வரியை எழுதுவான். ஐயம் மட்டும் உள்ளத்தின் ஒரு மூலையிற் கிடக்கும்.

அவ்வையம் மூடருடைய ஐயமன்று. மின்னாற் கணிக்கும் பொறிகள் உலகில் தோன்றுவதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, இங்கிலாந்திலே பெண்மணி ஒருவர் அதனை எதிர்ப்பட்டார். எழுத்துகள் எண்களுக்குப் பதிலாக நின்று உருமாறும் வித்தை தமக்கு விளங்கவில்லை என்பதை அவர் மறையாது தம் ஆசிரியருக்கு எழுதினார். சில ஆண்டுகளின் பின்னர், மாறி என்பது யாது, அதன் பெயர் யாது, அதனுள் இருப்பது யாது, அது எப்போது மாறுகின்றது என்பனவற்றை ஓர் அட்டவணையிலே ஐயத்துக்கு இடமின்றி வரைந்து அச்சேற்றினார். பைரன் பிரபுவின் மகளாராகிய அடா லவ்லேஸ் சீமாட்டியாரே அவர். அவருடைய வாழ்க்கை வரலாற்றை இம்மலரிலே சுருக்கமாகக் கூறுதும்.

பிறப்பும் பெற்றோரும்

அடா அம்மையார் 1815ஆம் ஆண்டு மார்கழித் திங்கள் 10ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் ஆங்கிலக் கவிஞருள் அந்நாளிற் பெரும்புகழ் பெற்று விளங்கிய பைரன் பிரபு. தாயார் அனபெல்லா மில்பாங் என்பார் செல்வக் குடியிற் பிறந்தவர். பெண்களுக்குக் கணிதம் கற்பித்தல் அரிதாயிருந்த அக்காலத்திலேயே அக்கல்வியிற் பயிற்சியுடையவர். கவிஞருடைய கட்டற்ற வாழ்வும் அம்மையாருடைய ஒழுங்குமிக்க உள்ளமும் இசைந்து செல்லவில்லை. குழந்தை பிறந்து ஐந்து வாரம் கழிந்த அளவிலே, 1816 தை மாதத்தில், தாயார் குழந்தையை எடுத்துக்கொண்டு தம் பெற்றோர் மனைக்குச் சென்றார். அவ்வாண்டு சித்திரையிலே பைரன் பிரபு இங்கிலாந்தை விட்டு நீங்கினார். மீண்டும் உயிரோடு திரும்பினாரல்லர். கிரேக்க நாட்டின் விடுதலைப் போருக்கு உதவச் சென்று, மிசொலொங்கி என்னும் ஊரில் 1824ஆம் ஆண்டு காய்ச்சலால் மாண்டார். அப்போது அவருக்கு வயது 36. மகளுக்கு எட்டு. தந்தையின் முகத்தை அறியும் பேறு அம்மகளுக்கு வாய்க்கவில்லை.

தந்தையிடம் கண்ட நிலைகொள்ளாத உள்ளப்பாங்கு மகளிடமும் தலைதூக்குமோ என்று தாயார் அஞ்சினார். அதற்கு மருந்து கணிதமே எனத் துணிந்தார். ஆகவே, இசையும் பிறமொழியும் போலவே எண்ணும் கேத்திரகணிதமும் இளமை தொட்டே அடாவுக்குப் புகட்டப்பட்டன. அச்சத்தினாற் கொடுக்கப்பட்ட மருந்து அக்குழந்தைக்கு விருந்தாக அமைந்தமை தாயார் எதிர்பாராதது.

இளமைப் பருவம்

பன்னிரண்டு வயதிலே அடா பறத்தற்குரிய பொறி ஒன்றை அமைக்க விரும்பினார். பறவைகளின் உடலமைப்பை ஆராய்ந்தார். உடலளவுக்கு எத்துணைப் பெரிய சிறகு வேண்டும் எனக் கணித்தார். எப்பொருளாற் சிறகு செய்யலாம் எனச் சிந்தித்தார். நீராவியால் இயங்கும் பறக்கும் குதிரை ஒன்றையும் கற்பனை செய்து தாயாருக்குக் கடிதம் எழுதினார். கற்பனையை ஒழிக்கக் கொடுத்த கணிதம் கற்பனையோடு கைகோத்துக்கொண்டது!

1829ஆம் ஆண்டிலே சின்னமுத்து நோய் கண்டு, அதன் பின் கால்கள் செயலிழந்து, நெடுநாள் படுக்கையிற் கிடந்தார். ஊன்றுகோலின் துணையோடு மெல்ல மெல்ல எழுந்து நடக்கப் பழகினார். நோய் அவரை வாழ்நாள் முழுவதும் விட்டு நீங்கியதன்று. ஆயினும் கற்கும் வேட்கையும் அவரை விட்டு நீங்கியதன்று.

பபேஜைக் காணுதல்

1833ஆம் ஆண்டு ஆனித் திங்களில், பதினேழு வயதினராய், அடா சாள்ஸ் பபேஜ் என்னும் கணித அறிஞரைச் சந்தித்தார். பபேஜ் அப்போது கேம்பிரிட்ஜிலே நியூற்றன் பெருமான் ஒருகாலத்து வீற்றிருந்த கணிதப் பேராசிரியர் பீடத்தை வகித்தவர். வானியலாரும் மாலுமிகளும் பயன்படுத்திய எண் அட்டவணைகளிலே மனிதர் கையாற் புகுந்த பிழைகள் மலிந்திருந்தன. அவற்றைப் பிழையின்றிக் கணித்துத் தரும் பித்தளைச் சக்கரப் பொறியொன்றைச் செய்ய அவர் அரசாங்கத்தின் உதவியோடு முயன்றுகொண்டிருந்தார். வேற்றுமைப் பொறி எனப்பட்ட அதன் ஒரு பகுதி அவர் இல்லத்திலே வைக்கப்பட்டிருந்தது. அதனைக் காண வந்த பெருமக்கள் பலர் விளையாட்டுப் பொருளைக் காண்பார் போல வியந்து சென்றனர். இளம்பெண்ணாகிய அடாவோ அது இயங்கும் முறையை அறிய முயன்றார். அக்காலத்துப் பெண்பாலருள் அறிவியலிலே தலைநின்ற மேரி சொமவில் அம்மையாரின் நட்பும் அவருக்கு வாய்த்தது.

அடுத்த ஆண்டிலே பபேஜின் உள்ளத்தில் அதனினும் பெரிய எண்ணமொன்று தோன்றியது. ஒரே வகைக் கணக்கைச் செய்யும் பொறியை விடுத்து, எவ்வகைக் கணக்கையும் கட்டளைப்படி செய்யும் பொறியை அமைக்க அவர் எண்ணினார். பகுப்புப் பொறி என அதற்குப் பெயர். அதிலே இரு பெரும் பகுதிகள். எண்களை வைத்திருப்பது பண்டகசாலை. அவற்றை எடுத்துக் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் செய்வது ஆலை. எதைச் செய்ய வேண்டும், எவ்வெண்ணை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்பனவற்றைத் துளையிட்ட அட்டைகள் பொறிக்கு அறிவிக்கும். பிரான்சு நாட்டு ஜக்காட் என்பார் பட்டிலே பூவேலை நெய்தற்கு அமைத்த தறியிலிருந்து எடுத்துக்கொண்ட முறை அது.

1835ஆம் ஆண்டில் அடா, வில்லியம் கிங் என்னும் பிரபுவை மணந்தார். 1838இல் கணவர் லவ்லேஸ் கோமகன் என்னும் பட்டம் பெற்றமையால், அம்மையாரும் லவ்லேஸ் சீமாட்டி ஆயினார். இரு ஆண்மக்களும் ஒரு பெண்மகவும் பிறந்தனர். இல்லறத்துக்கும் நோய்க்கும் இடையே கணிதத்தை மீண்டும் முறையாகக் கற்க வேண்டும் என்னும் ஆசை மட்டும் தணியவில்லை.

மதுரையிற் பிறந்த ஆசிரியர்

1840ஆம் ஆண்டிலே அவருக்குத் தக்க ஆசிரியர் கிடைத்தார். அவர்தாம் ஒகஸ்ரஸ் டி மோர்கன். தமிழராகிய நாம் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்று ஈண்டு உண்டு. டி மோர்கன் 1806ஆம் ஆண்டிலே நம் மதுரை மாநகரிற் பிறந்தவர். தந்தையார் கிழக்கிந்தியக் கம்பனியின் படையிலே பணிபுரிந்தவர். பிறந்த சின்னாளிலேயே குழந்தை ஒரு கண்ணின் பார்வையை இழந்தது. ஏழு மாதக் குழந்தையாக இருக்கையிற் குடும்பம் இங்கிலாந்து சென்றது. அக்குழந்தையே பிற்காலத்தில் இலண்டனிற் புதிதாய்த் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரியின் முதற் கணிதப் பேராசிரியராகி, அளவை நூலிலே தம் பெயரால் வழங்கும் விதிகளை வகுத்தது. இன்று செய்நிரல் எழுதும் மாணவரும் அவ்விதிகளைக் கற்கின்றனர்.

டி மோர்கன் அம்மையாருக்குப் பெரும்பாலும் கடிதங்களின் வாயிலாகவே கற்பித்தார். இன்ன பகுதியைப் படிக்குக, இக்கணக்கைச் செய்க என அவர் எழுதுவார். செய்தவற்றையும் செய்யவியலாதவற்றையும் அம்மையார் எழுதி அனுப்புவார். அக்கடிதங்கள் இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன. அவற்றைப் படிப்போர் வியப்பது அம்மையாருடைய அறிவின் கூர்மையை மட்டுமன்று, அவருடைய நேர்மையையுமாம். மணமாகி மூன்று மக்களைப் பெற்ற கோமகள், நாட்டின் தலைசிறந்த கணித ஆசிரியர் ஒருவருக்கு, ஒரு சூத்திரத்திலே ஓர் எழுத்தின் இடத்தில் மற்றொன்றைப் பிரதியிடுவது எங்ஙனம் என்று தமக்குத் தெரியவில்லை என எழுதுகின்றார். ஒரு சூத்திரம் சற்றுமுன் ஓர் உருவில் அருகில் நின்றதென்றும், மறுகணம் முற்றிலும் வேறோர் உருவெடுத்துக்கொண்டதென்றும், கதைகளில் வரும் மாயத் தேவதைகள் போல இவை தம்மை ஏய்க்கின்றன என்றும் முறையிடுகின்றார். சார்புச் சமன்பாடுகள் கொள்ளிவாய்ப் பேய்போல அணுக அணுக விலகிப் போகின்றன என்று வேறோரிடத்து வருந்துகின்றார்.

மாறி என்பதன் இயல்பே அவருக்கு இடர் விளைத்தது என்பது இவற்றால் விளங்கும். ஓர் எழுத்து எதனையும் குறிக்கலாம் என்றால், இவ்வேளையில் அது குறிப்பது எதனை? முன்னே நின்ற எழுத்தும் பின்னே நிற்கும் எழுத்தும் ஒன்றுதானா? இவ்வினாக்களை வினாவாது சூத்திரங்களை மனனம் செய்து மேலே செல்வோர் பலர். அம்மையார் அங்ஙனம் செல்ல மறுத்தார். டி மோர்கன் இவ்வியல்பை நன்கு உணர்ந்தவர். கேம்பிரிட்ஜிற் கல்வி தொடங்கும் ஆண்மாணவரிடத்துக் காணக்கிடைக்காத ஆற்றலை அம்மையாரிடம் கண்டதாக 1844ஆம் ஆண்டிலே அவருடைய தாயாருக்கு எழுதினார். ஆயினும் பெண்ணுடல் இத்தகைய அறிவுழைப்பைத் தாங்குமோ என்னும் அக்காலத்து அச்சத்தையும் அதே கடிதத்திலே தெரிவித்தார். பேரறிஞரும் தம் காலத்தின் வரம்பை முற்றும் கடந்தாரல்லர்.

1843ஆம் ஆண்டுக் குறிப்புகள்

1840ஆம் ஆண்டிலே பபேஜ் இத்தாலியின் துரீன் நகருக்குச் சென்று, அங்குள்ள அறிஞர்க்குத் தம் பகுப்புப் பொறியை விளக்கினார். அதனைக் கேட்டோருள் ஒருவராகிய மெனாபிரேயா என்னும் படைப்பொறியியலாளர், பிரெஞ்சு மொழியிலே ஒரு கட்டுரை வரைந்து 1842இல் வெளியிட்டார். அவர் பிற்காலத்தில் இத்தாலி நாட்டின் முதலமைச்சராகவும் விளங்கியவர். மின்னளவைப் பாலத்தாற் பெயர்பெற்ற வீற்ஸ்ரன் என்பாரின் தூண்டுதலால் அக்கட்டுரையை அடா அம்மையார் ஆங்கிலத்திற் பெயர்த்தார். அதனைக் கண்ட பபேஜ், இப்பொருளை நன்கறிந்த தாங்கள் தாமாகவே ஒரு கட்டுரை எழுதாதது ஏன் என வினவினார். அவ்வெண்ணம் தமக்குத் தோன்றவில்லை என்றார் அம்மையார். அங்ஙனமாயின், மொழிபெயர்ப்போடு குறிப்புகளையேனும் சேர்க்குமாறு பபேஜ் வேண்டினார்.

1843ஆம் ஆண்டின் கோடைகாலம் முழுவதும் அப்பணி நடைபெற்றது. கடிதங்கள் நாள்தோறும் என்னுமாறு பபேஜுக்கும் அம்மையாருக்கும் இடையே சென்று வந்தன. பபேஜ் தாள்களை இடம்மாற்றி வைத்துக் குழப்பியபோது அம்மையார் சினந்ததும் உண்டு. மிகக் கடினமான அட்டவணையை அம்மையார் பென்சிலால் வரைய, கணவராகிய கோமகன் அருகிருந்து அதன்மேல் மைதீட்டிக் கொடுத்ததும் உண்டு. அவ்வாண்டின் ஆவணி, புரட்டாதி அளவில், மொழிபெயர்ப்பும் ஏழு குறிப்புகளும் இலண்டனில் வெளிவந்த அறிவியல் இதழொன்றில் அச்சாயின. குறிப்புகள் மூலக் கட்டுரையினும் இருமடங்குக்கு மேல் நீண்டிருந்தன. ஆசிரியர் பெயராக மூன்று தலையெழுத்துகளே காணப்பட்டன. அம்மையாருக்கு அப்போது வயது 27.

மாறியின் இயல்பு

பகுப்புப் பொறியின் பண்டகசாலையிலே தூண்கள் பல வரிசையாக நிற்கும். ஒவ்வொரு தூணும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பற்சக்கரங்களால் ஆயது. ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பிலும் சுழியம் முதல் ஒன்பது வரை எண்கள் உண்டு. சக்கரங்களைத் திருப்பி எந்த எண்ணையும் அத்தூணிலே நிறுத்தலாம். நேர் எண்ணோ மறை எண்ணோ என்பதைக் காட்டுதற்கு உச்சியில் ஓர் அடையாளம் உண்டு. இத்தூணுக்கே மாறி என்று பெயரிட்டனர். ஈண்டு நாம் சற்றே நின்று சிந்தித்தல் வேண்டும். மாறி என்பது எண் அன்று. எண் வந்து தங்கும் இடம் அது. வீட்டிலக்கம் வேறு, வீட்டிற் குடியிருப்போர் வேறு. குடியிருப்போர் மாறினும் இலக்கம் மாறாது.

இதனை அம்மையாருடைய குறிப்புகள் குறியீட்டாலேயே விளக்குகின்றன. ஒவ்வொரு தூணையும் குறிக்கும் எழுத்தின் வலப்புறம் கீழே ஓர் எண் இடப்படும். அது தூணின் இலக்கம், ஒருபோதும் மாறாதது. இடப்புறம் மேலே வேறோர் எண் இடப்படும். அது அத்தூணிலே மதிப்பு எத்தனையாவது முறை மாறியுள்ளது என்பதைக் காட்டுவது. தூணிலே சுழியம் மட்டும் இருப்பின் மேலெண் சுழியம். ஒரு மதிப்பு வந்தவுடன் மேலெண் ஒன்று. அம்மதிப்பு நீங்கி மற்றொன்று வந்தால் இரண்டு. இங்ஙனமே தொடரும்.

இச்சிறிய மேலெண்ணே நம் மாணவருடைய ஐயத்துக்குரிய விடை. ஒரு தூணின் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, வந்ததை அதே தூணில் வைக்க வேண்டுமாயின், அம்மையாருடைய அட்டவணையிலே இருபுறத்தும் ஒரே தூணின் பெயர் வரும். ஆனால், முன்னையதன் மேலெண் ஒன்று, பின்னையதன் மேலெண் இரண்டு. பெயர் ஒன்றாயினும் காலம் வேறு. அட்சரகணிதத்துக்குக் காலமில்லை, அங்கே ஒருமுறை சமனானது என்றும் சமனே. பொறிக்கோ முன்னும் பின்னும் உண்டு. இன்றைய செய்நிரல் மொழிகள் அம்மேலெண்ணை எழுதுவதில்லை. சில மொழிகள் முக்காற்புள்ளியைச் சமன் குறியோடு சேர்த்து இவ்வேறுபாட்டைக் காட்டுகின்றன. பல மொழிகள் அதனையும் காட்டுவதில்லை. எழுதாது விடப்பட்ட அம்மேலெண்ணை மாணவன் தன் மனத்தால் எழுதிக்கொள்ளல் வேண்டும்.

குறிப்புகளுள் இறுதியானது பேர்ணூலி எண்கள் எனப்படும் அரிய எண்வரிசையைப் பொறி கணிக்குமாற்றைக் கூறுகின்றது. அவ்வெண்களை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம் என்பது அம்மையார் பபேஜுக்கு எழுதிய கருத்து. இருபத்தைந்து செயல்களாக அட்டவணை அமைந்துள்ளது. முதற் சில செயல்களை மட்டும் நோக்குவோம். முதலாம் தூணில் 1, இரண்டாம் தூணில் 2, மூன்றாம் தூணில் 4 ஆகியன தொடக்கத்திலே வைக்கப்படுகின்றன. முதற் செயல் இரண்டாவதையும் மூன்றாவதையும் பெருக்குவது. விடை 8. அவ்விடை ஒரு தூணில் அன்று, நான்காம், ஐந்தாம், ஆறாம் தூண்கள் மூன்றிலும் வைக்கப்படுகின்றது. ஒரே எண்ணை மூன்றிடத்து வைப்பது வீண் அன்றோ எனத் தோன்றும். அடுத்த செயல்களைப் பார்த்தால் காரணம் விளங்கும். இரண்டாம் செயல் நான்காம் தூணிலிருந்து ஒன்றைக் கழித்து 7 ஆக்குகின்றது. மூன்றாம் செயல் ஐந்தாம் தூணோடு ஒன்றைக் கூட்டி 9 ஆக்குகின்றது. ஆறாம் தூணிலுள்ள 8 பின்னர்த் தேவைப்படும் வரை கெடாது காத்திருக்கின்றது. புதிய மதிப்பு வந்தால் பழைய மதிப்பு அழியும். அழியக்கூடாதது வேண்டுமாயின் முன்னரே வேறிடத்திற் படியெடுத்து வைத்தல் வேண்டும். இற்றைக்கும் செய்நிரல் கற்போர் முதன்முதல் இழைக்கும் பிழை இதனை மறப்பதேயாம்.

தூணிலிருந்து எண்ணை எடுக்கும்போதும் இருவகை உண்டென அம்மையார் எடுத்துக்காட்டினார். ஒருவகை அட்டை எண்ணை ஆலைக்குக் கொடுத்துத் தூணைச் சுழியமாக்கும். மற்றொருவகை எண்ணைக் கொடுத்த பின்னும் தூணிலே அதனை நிலைநிறுத்தும். மேலும், தூண்களைத் தொழில் நோக்கி மூன்றாக வகுத்தார். தரப்பட்ட எண்களைத் தாங்குவன ஒருவகை. இறுதி விடைகளை ஏற்பன மற்றொருவகை. இடையிலே தோன்றி மறையும் எண்களைத் தாங்கி உழைப்பன மூன்றாம்வகை. பத்தாம் தூண் இவ்வுழைப்பாளருள் ஒன்று. அதிலே முதலில் 3 வைக்கப்பட்டு, ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று குறைந்து 2, 1 எனச் செல்கின்றது. இன்னும் எத்துணைச் சுற்று எஞ்சியது என்பதைப் பொறி அதனால் அறியும். பதின்மூன்றாம் செயல் முதல் இருபத்துமூன்றாம் செயல் வரை உள்ளவை மீண்டும் மீண்டும் நடைபெறுவன. ஈற்றுச் செயல் யாது? மூன்றாம் தூணிலுள்ள எண்ணோடு ஒன்றைக் கூட்டி, அம்மூன்றாம் தூணிலேயே வைப்பது. நான்கு ஐந்தாகின்றது, அடுத்த பேர்ணூலி எண்ணுக்கு உரிய கணிப்பு மீண்டும் தொடங்குகின்றது. நம் மாணவர் திகைத்து நின்ற அவ்வரி 1843ஆம் ஆண்டின் அட்டவணையின் இறுதியிலே இங்ஙனம் நிற்கின்றது.

எண் தங்கும் இடமே மாறி என்று கண்ட பின்னர், அவ்விடத்தில் தங்குவது எண்ணாகவே இருத்தல் வேண்டும் என்னும் நியதியில்லை என்பதும் அம்மையாருக்குப் புலனாயிற்று. இசையொலிகளின் தொடர்பை விதிகளால் உணர்த்த முடியுமாயின், பொறி இசையையும் இயற்றலாம் என அவர் எழுதினார். கவிஞர் மகளாரின் கற்பனை ஈண்டுத் தன் தொழிலைச் செய்தது எனலாம். அதே வேளையில், பொறி தானாக எதனையும் தோற்றுவிக்காது, நாம் கட்டளையிட அறிந்ததையே அது செய்யும் என்று வரம்பும் கட்டினார்.

பிழையும் பங்கும்

அச்சான அட்டவணையிலே பிழையொன்று உண்டு. நான்காம் செயலில் நான்காம் தூணின் எண்ணை ஐந்தாம் தூணின் எண்ணால் வகுத்தல் வேண்டும். அட்டவணையோ அதனைத் தலைகீழாகக் கூறுகின்றது. ஏழை ஒன்பதால் வகுக்க வேண்டிய பொறி, ஒன்பதை ஏழால் வகுத்துவிடும். அம்மையார் கைப்பிழையோ அச்சுக்கோப்பாளர் பிழையோ, பொறி இருந்து ஓட்டிப் பார்த்திருப்பின் அன்றே வெளிப்பட்டிருக்கும். பொறிதான் இல்லையே! வேற்றுமைப் பொறிக்காக ஏறக்குறைய 17,000 பவுண் செலவிட்ட அரசாங்கம் 1842இல் அம்முயற்சியைக் கைவிட்டது. பகுப்புப் பொறியோ பபேஜின் வரைபடங்களிலும் சில உறுப்புகளிலும் மட்டுமே உருக்கொண்டது. ஓடாத பொறிக்கு எழுதப்பட்ட கட்டளைகள் அவை.

அக்குறிப்புகளில் அம்மையாருக்குரிய பங்கு எத்துணை என்பது அறிஞரிடையே நெடுநாளாக நிகழும் வழக்கு. பொறியைக் கண்டவர் பபேஜ் என்பதில் ஐயமில்லை. பேர்ணூலி எண்களுக்குரிய அட்சரகணித வேலையை அம்மையாருக்கு உதவியாகத் தாமே செய்து கொடுத்ததாகவும், அதிலே தாம் இழைத்த பெரும்பிழையொன்றை அம்மையார் கண்டுபிடித்துத் திருப்பியனுப்பியதாகவும் பபேஜே 1864இல் வெளியிட்ட தம் வரலாற்றில் உரைத்துள்ளார். இதனைக் கொண்டு அம்மையார் புகழைக் குறைப்பாரும் உளர், கூட்டுவாரும் உளர். ஆசானின் பிழையைக் காணும் அளவுக்கு அம்மாணவியார் வளர்ந்திருந்தார் என்பதை மட்டும் இருசாராரும் மறுத்தற்கில்லை. சூத்திரத்தின் எழுத்துகள் உருமாறும்போது தாம் ஏமாறுவதாக வருந்தியவர், மூன்றாண்டுக்குள்ளே அவ்வுருமாற்றத்தை ஒவ்வோர் அடியிலும் எண்ணிட்டுப் பின்தொடர்ந்தார் என்பதே நாம் போற்றற்குரியது.

இறுதிக் காலம்

குறிப்புகள் வெளிவந்தபின் அம்மையார் விரும்பியபடி பணி தொடரவில்லை. பொறியை அமைக்கும் முயற்சியின் மேலாண்மையைத் தம்மிடம் விடுமாறு அவர் பபேஜை வேண்டினார். பபேஜ் உடன்படவில்லை, எனினும் நட்பு முறியவில்லை. பிற்காலத்திலே அம்மையார் குதிரைப் பந்தயத்திற் பணம் வைத்துப் பெருங்கடனுக்கு உள்ளானார். குலத்துக்குரிய அணிகலன்களையும் அடகு வைக்க நேர்ந்தது. எண்ணையும் இயல்பையும் இத்துணை நுணுகி ஆராய்ந்தவரும் தவறினார் என்பதை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று.

அதனினும் கொடியதாய் வந்தது புற்றுநோய். பல மாதம் கடுந்துன்பம் உழந்து, 1852ஆம் ஆண்டு கார்த்திகைத் திங்கள் 27ஆம் நாள் அம்மையார் உயிர்நீத்தார். அப்போது வயது 36. தந்தையார் இறந்ததும் அவ்வயதிலேயே. அவருடைய விருப்பத்தின்படி, வாழ்நாளிலே முகமறியாத அத்தந்தையின் அருகிலேயே, நொற்றிங்காம் நாட்டின் ஹக்னோல் என்னும் ஊர்த் தேவாலயத்தில் அவர் உடல் அடக்கஞ் செய்யப்பட்டது. பபேஜ் 1871இல் மறைந்தார். குறிப்புகள் நெடுங்காலம் சிலரே படிக்கக் கிடந்தன.

மின்கணிப்பொறிகள் தோன்றிய பின்னரே உலகம் அவரை மீண்டும் நினைவுகூர்ந்தது. 1950இல் அலன் ரியூறிங் என்னும் பேரறிஞர், பொறி சிந்திக்குமோ என ஆராய்ந்த தம் கட்டுரையிலே அம்மையாருடைய கருத்தைப் பெயர்சுட்டி எடுத்து ஆராய்ந்தார். 1953இல் குறிப்புகள் நூலொன்றிலே மீண்டும் அச்சேறின. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தனக்கென அமைப்பித்த செய்நிரல் மொழிக்கு அடா எனப் பெயரிட்டு, 1980ஆம் ஆண்டு மார்கழி 10ஆம் நாள், அம்மையார் பிறந்த நாளன்றே, அதன் நியமத்தை ஏற்றது. நியமத்தின் இலக்கமும் 1815 என அவர் பிறந்த ஆண்டாகவே அமைந்தது.

முடிவுரை

செய்நிரல் கற்கப் புகும் நம் இளைய மாணவர் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது யாது? ஒரு வரி விளங்காதவிடத்து, விளங்கியதாகப் பாவனை செய்து மேலே செல்லாதொழிக. தாளையும் பென்சிலையும் எடுத்து, ஒவ்வொரு மாறிக்கும் ஒரு தூண் வரைக. தூணின் கீழ் அதன் பெயரை எழுதுக. ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் அத்தூணிலுள்ள எண் யாது என எழுதி, பழையதை வெட்டுக. பொறி இல்லாத காலத்திலே அடா அம்மையார் செய்தது இதுவே. பொறிகள் மலிந்த இக்காலத்திலும் இதனிற் சிறந்த வழி பிறிதில்லை.

கற்பிப்போர் கொள்ளத்தக்கதும் ஒன்று உண்டு. முதல் வாரத்திலே கையுயர்த்தி, இது பொய்யன்றோ ஐயா என்று வினாவும் மாணவனை மந்தன் என்று எண்ணற்க. மதுரையிற் பிறந்த அவ்வாசிரியர் தம் மாணவியாருடைய கடிதங்களை எள்ளாது, ஒவ்வொன்றுக்கும் பொறுமையோடு விடையெழுதினார். அப்பொறுமையின் பயனை உலகம் இன்றும் நுகர்கின்றது.